கத்தியின்றி என்னும் சொல்லும் மூன்று சென்டிமீட்டர் என்னும் அளவும்

இந்தியப் பெருநகரங்களின் தனியார் மருத்துவமனை விளம்பரங்களில், புற்றுக்கட்டிக்கான அப்லேஷன் சிகிச்சை பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அறிமுகமாகிறது: கத்தியின்றி, தழும்பின்றி, ஒரே நாளில். இந்தியில் 'பினா', தெலுங்கில் 'லேகுண்டா', தமிழில் 'இன்றி' என மொழி மாறினாலும் வாக்கியம் மாறுவதில்லை. 'இன்றி' என்பதைத் தமிழ் இலக்கணம் குறிப்பு வினையெச்சம் என்கிறது. எச்சம் என்றால் தன்னை முடித்துவைக்கும் வினைக்குக் காத்திருப்பது. விளம்பரத்தில் அந்த வினை வருவதே இல்லை. கத்தியில்லாமல் என்ன செய்யப்படும், எந்த அளவுள்ள கட்டிக்குச் செய்யப்படும், செய்தபின் உடலுக்குள் என்ன எஞ்சும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்கே விடை கிடையாது. இந்த மௌனம் தற்செயலானது என்று நம்புவது கடினம். இரண்டாம் கேள்விக்கான விடையை அச்சிட்டால், விளம்பரத்தை வாசிப்பவர்களில் பலர் தமக்கு இது பொருந்தாது என்று அங்கேயே அறிந்துகொள்வர்.

சிகிச்சை முறையின்மீது இங்கே வழக்கு ஏதும் இல்லை. அது மெய்யான மருத்துவம். கல்லீரல் கட்டிக்குள் எத்தனாலைச் செலுத்தி அழிக்கும் வழக்கம் 1980களில் ஜப்பானிலும் இத்தாலியிலும் வேரூன்றியது. ரேடியோ அதிர்வெண் மின்னோட்டத்தால் கல்லீரல் திசுவைச் சுடுவது பற்றி 1990இல் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் தனித்தனியே எழுதின. அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. ஸ்கேன் காட்டும் வழியில் ஊசி போன்ற மின்முனை ஒன்று தோலைத் துளைத்துக் கட்டிக்குள் செல்கிறது. மின்னோட்டத்தால் சுற்றியுள்ள திசு சூடாகிறது. வெப்பம் 60 டிகிரி செல்சியஸை எட்டியதும் உயிரணுக்களின் புரதம் உறைந்து அவை உடனே மடிகின்றன. வெந்நீரில் முட்டையின் வெண்கரு வெளுத்து இறுகுவதும் இதே நிகழ்வுதான். வெப்பம் 100 டிகிரியைத் தாண்டினால் திசு கருகி, மின்னோட்டம் மேற்கொண்டு பரவாமல் தடைபடும். ஆகவே இதில் வேண்டுவது நிதானமான சூடு. நுண்ணலை முறை இதே வேலையை இன்னும் விரைவாகச் செய்கிறது. குளிர் முறையில் ஆர்கான் வாயுவால் திசு உறைய வைக்கப்படுகிறது.

முறை பயன்தரும் என்பதற்குச் சான்றும் உண்டு. பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய சிறு கட்டிகளில் அறுவையையும் வெப்ப அப்லேஷனையும் ஒப்பிட்ட நெதர்லாந்தின் 'கொலிஷன்' சோதனை, இடைக்கணிப்பிலேயே விடை தெளிவாகிவிட்டதால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 2024இல் அறிவிக்கப்பட்ட அதன் முடிவு, அப்லேஷன் அறுவைக்குத் தாழ்ந்ததில்லை என்பதோடு பக்கவிளைவுகளும் அதில் குறைவு என்றது. கல்லீரலிலேயே தோன்றும் புற்றில் படம் இவ்வளவு தெளிவானதன்று. 2006இல் சீனாவிலிருந்து வந்த சோதனை இரண்டுக்கும் வேறுபாடில்லை என்றது. 2010இல் அதே நாட்டின் வேறொரு சோதனை அறுவையே மேல் என்றது. சிறு கட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்ட ஜப்பானியச் சோதனை வேறுபாடு காணவில்லை. கல்லீரல் புற்றுக்கான பார்சிலோனா வகைப்பாட்டின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம், 2 செ.மீ.க்கு மிகாத ஒற்றைக் கட்டியுடன், மாற்றுக் கல்லீரல் பொருத்தும் வாய்ப்பில்லாதவருக்கு அப்லேஷனை முதல் தெரிவாகவே வைக்கிறது.

இச்சான்றுகள் அனைத்திலும் திரும்பத் திரும்ப வருவது கட்டியின் அளவு. கொலிஷன் சோதனையிலும் ஜப்பானியச் சோதனையிலும் வரம்பு 3 செ.மீ. இந்த எண் எவரும் மனம்போல் இட்ட கோடு இல்லை. எளிய வடிவியல் அதற்குள் இருக்கிறது. கட்டியை மட்டும் சுட்டால் போதாது, அதன் விளிம்பைச் சுற்றி 5 முதல் 10 மி.மீ. வரை நல்ல திசுவையும் சேர்த்துச் சுட வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத புற்றணுக்கள் அந்த ஓரத்தில்தான் தங்குகின்றன. ஆக 3 செ.மீ. கட்டிக்கு 5 செ.மீ. விட்டமுள்ள உருண்டையை வேகவைக்க வேண்டியிருக்கும். 5 செ.மீ. கட்டிக்கு 7 செ.மீ. உருண்டை வேண்டும். முதலாவதன் கன அளவு சுமார் 65 கன செ.மீ.; இரண்டாவது ஏறத்தாழ 180. விட்டம் கொஞ்சம் கூடும்போது வேலை மும்மடங்காகிறது. ஊசி ஒருமுறையில் அவ்வளவு இடத்தைச் சீராகச் சுடாது. இடையிடையே வேகாத திட்டுகள் எஞ்சும். நோய் அங்கிருந்து மீளும். அருகில் 3 மி.மீ.க்கு மேற்பட்ட இரத்தக்குழாய் ஓடினால் அதன் ஓட்டமே சூட்டைக் கவர்ந்து சென்றுவிடும். பித்தநாளமும் குடலும் அருகிருந்தால் அவை புண்படும் இடர் உண்டு.

எனவே அப்லேஷனைப் பற்றிய நேர்மையான முதல் வாக்கியம் 'கத்தியின்றி' என்று தொடங்க முடியாது. 'கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டறியப்பட்டால்' என்றே தொடங்க வேண்டும். நிபந்தனையைச் சொல்லும் 'ஆல்' விகுதியைத் துறந்து இல்லாமையைச் சொல்லும் 'இன்றி'யைத் தேர்ந்த இடத்தில்தான் விளம்பர மொழி மருத்துவத்திலிருந்து விலகுகிறது. விலகியபின் உடன் வரும் சொற்களும் நம்பத்தக்கவையாக இல்லை. ஒரே நாளில் வீடு திரும்பலாம் என்பது பலருக்கு உண்மை. ஆயினும் அதற்குப்பின் சில நாள்கள் காய்ச்சலும் அசதியும் வலியும் வரலாம். அரிதாக இரத்தக்கசிவும் சீழ்க்கட்டியும் உண்டு. ஏறக்குறைய ஒரு மாதத்தில் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ., பின் சில மாதங்களுக்கு ஒருமுறை அதே சோதனை என ஆண்டுக்கணக்கில் அது நீளும். கல்லீரல் புற்று, அறுத்தாலும் சுட்டாலும், ஐந்தாண்டுகளுக்குள் பெரும்பாலோரிடம் மீண்டும் தலைதூக்குகிறது. 'ஒரே நாளில்' என்னும் தொடர் இத்தனையையும் ஒரு பகலுக்குள் அடக்கிக் காட்டுகிறது.

இந்த மொழியால் இழப்பவர் மூவர். கல்லீரலில் 8 செ.மீ. கட்டியுடன் இருப்பவர் முதலாமவர். அவர் விளம்பரத்தைப் பார்த்து, நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ தலைநகருக்கு ரயிலேறுகிறார். அங்கே பொருந்தாது என்று சொல்லப்பட்டால் பயணத்தின் செலவும் கிடைத்திருக்கக்கூடிய வேறு சிகிச்சையின் காலமும் போகின்றன. பொருந்தாத இடத்திலும் செய்துவிட்டால் இழப்பு இன்னும் பெரிது. 2 செ.மீ. கட்டியுடன் அறுவை மேசைக்கு அனுப்பப்படுபவர் இரண்டாமவர். ஊசி வழி ஒன்று உண்டு என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை. அந்த மருத்துவமனையில் அதைச் செய்யும் இடையீட்டுக் கதிரியல் வல்லுநர் இல்லை என்பதே காரணமாகவும் இருக்கலாம். மூன்றாமவரே எண்ணிக்கையில் பெரும்பான்மை. அவர் கல்லீரலில் கட்டி இன்னும் 2 செ.மீ. அளவில்தான் இருக்கிறது, வலி இல்லை, மருத்துவமனைக்குப் போகக் காரணமும் இல்லை. அப்லேஷன் மெய்யாகவே காப்பாற்றக்கூடியவர் அவர். அவரைத் தேடி எவரும் போவதில்லை.

இங்கேதான் விவாதம் சிகிச்சை அறையை விட்டு வெளியேற வேண்டியிருக்கிறது. கல்லீரல் புற்று பெரும்பாலும் எங்கே தோன்றும் என்பது முன்பே தெரிந்த செய்தி. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மது, கொழுப்புக் கல்லீரல் ஆகியவற்றால் சிரோசிஸ் என்னும் சுருக்க நோய்க்கு ஆளான கல்லீரலே அதன் விளைநிலம். அத்தகையோருக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் செய்ய வேண்டும் என்பதில் உலகின் முதன்மையான வழிகாட்டு நெறிகள் ஒன்றுபடுகின்றன. அல்ட்ராசவுண்ட் அரிய கருவியுமன்று. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருப்பது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் பரிசோதனையையும் மருந்தையும் இலவசமாக வழங்குகிறது. அதன் பதிவேடுகளில் நோயாளிகளின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் எவருக்குச் சிரோசிஸ் உண்டு என்பதும் மருந்து எழுதும் மருத்துவருக்குத் தெரியும். அந்தப் பெயர்களை ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேனுக்கு அழைக்கும் ஏற்பாடு நாடெங்கும் உறுதியாகும்வரை, புதிய நுண்ணலைக் கருவியின் திறப்புவிழா எத்தனை நடந்தாலும் அதன் பயன் ஏற்கெனவே அடிக்கடி ஸ்கேன் எடுத்துக்கொள்ள வசதியுள்ளவர்களுக்கே போய்ச் சேரும். 3 செ.மீ. என்பது மருத்துவ வரம்பாக எழுதப்பட்டது. இந்தியாவில் அது வர்க்க வரம்பாக நடைமுறைக்கு வருகிறது.

இந்த வாதத்திற்கு வழக்கமாக எழும் மறுப்புகள் மூன்று. விளம்பரம் விழிப்புணர்வைத் தருகிறதே என்பது முதலாவது. தருகிறது என்றே கொள்வோம். எதைப் பற்றிய விழிப்புணர்வு என்பதே கேள்வி. சிரோசிஸ் உள்ளவர் ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்ற ஒரு வரியை அதே பலகையில் எழுத இடம் போதும். அவ்வரி இல்லாத பலகை மருத்துவமனையின் பெயரை அறிவிக்கிறது, நோயை அறிவிக்கவில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், மருத்துவர் விளம்பரத்தின் வழி நோயாளிகளை ஈர்ப்பதைத் தடை செய்கின்றன. தனி மருத்துவர் செய்தால் ஒழுக்கக்கேடு எனப்படுவதை அவரைப் பணியமர்த்திய நிறுவனம் நெடுஞ்சாலைப் பலகையில் செய்கிறது. இந்த முரண் நீண்டகாலமாக எல்லோர் கண்ணெதிரிலும் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு, இது ஏழை நாடு, ஊசியின் விலை அதிகம் என்பது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய ஊசிகளின் விலை இச்செலவில் பெரும்பங்கு என்பது உண்மை. ஆனால் விலை இயற்கை விதியன்று. 2012இல் உருவாகி, டாடா நினைவு மையம் ஒருங்கிணைக்கும் தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு, உறுப்பு மருத்துவமனைகளுக்காகப் புற்றுநோய் மருந்துகளைக் கூட்டாகக் கொள்முதல் செய்து விலையைப் பெருமளவு குறைத்துக் காட்டியிருக்கிறது. மருந்துக்குச் செய்தது ஊசிக்கும் ஆகும். மேலும் எத்தனால் இருக்கிறது. பெரிய கட்டிகளில் ரேடியோ அதிர்வெண் முறையே மேல் என்று ஒப்பீட்டுச் சோதனைகள் காட்டிவிட்டன. ஆயினும் 2 செ.மீ.க்குட்பட்ட கட்டியில், வேறு வழியே இல்லாத இடத்தில், மலிவான எத்தனாலும் மெல்லிய ஊசியும் பயிற்சி பெற்ற ஒரு கையும் ஒன்றுமில்லாததைவிட மிக மேலானவை. விலையைக் காரணம் காட்டுவோர் மலிவான முறையைப் பற்றியும் பேசுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நோயாளிக்கு இவையெல்லாம் விளங்காது, நம் மொழிகளில் இதற்குச் சொல் இல்லை என்பது மூன்றாவது மறுப்பு. மொழியைப் படிப்பவர்கள் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டியது இதற்கே. சொல் இருந்த இடத்தில் மட்டும் என்ன விளங்கிவிட்டது என்று முதலில் கேட்கலாம். 'அப்லேஷன்' லத்தீனில் 'எடுத்துச் செல்லுதல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. மொழியியல் மாணவர்கள் 'அப்லேட்டிவ்' என்று பயிலும் வேற்றுமையின் பெயரும் அதே வேரினது. தமிழில் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளோடு அதை இணைத்துக் கற்பிக்கிறோம். மலையிலிருந்து அருவி வீழ்வது போல ஒன்று மற்றொன்றிலிருந்து பிரிவது அதன் பொருள். இந்தச் சிகிச்சையிலோ எதுவும் எங்கிருந்தும் நீங்குவதில்லை. கட்டி இறக்கிறது, இறந்த திசு இருந்த இடத்திலேயே கிடக்கிறது, உடல் அதை மாதக்கணக்கில் சிறிது சிறிதாகச் சுருக்குகிறது.

இதைச் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. சிகிச்சைக்குப் பின் எடுக்கும் முதல் ஸ்கேனில், சுடப்பட்ட பகுதி பழைய கட்டியைவிடப் பெரிதாகத் தெரியும். ஓரத்து நல்ல திசுவையும் சேர்த்துச் சுட்டிருப்பதால் அப்படித்தான் தெரிய வேண்டும்; சிறிதாகத் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் 'கட்டியை எடுத்துவிடுவோம்' என்று கேட்டுவந்த குடும்பம் ஆங்கில அறிக்கையில் எண்களை மட்டும் படிக்கிறது. முன்பு 3 செ.மீ., இப்போது 5 செ.மீ. வளர்ந்துவிட்டது என்று அவர்கள் முடிவு கட்டினால் அது அறியாமையாகாது. தரப்பட்ட சொல்லுக்கு அவர்கள் கண்ட நேர்ப்பொருள். அறிக்கையில் உண்மையில் தேட வேண்டியது, சுடப்பட்ட பகுதிக்குள் இரத்தவோட்டத்தைக் காட்டும் ஒளிர்வு எஞ்சியிருக்கிறதா என்பதையே. எஞ்சவில்லை என்றால் சிகிச்சை முற்றுப்பெற்றது. அந்த ஒரு வரியைத் தமிழிலோ வங்காளத்திலோ போஜ்புரியிலோ சொல்ல முடியாது என்பவர், முயன்றுபார்க்காதவர். வெண்கரு வேகும் விதத்தை அறியாத அடுக்களை இந்தியாவில் எந்த மொழியில் இருக்கிறது?

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சைக்கான ஒப்புதல் செல்ல வேண்டுமானால் அதன் தன்மை, நோக்கம், பயன், மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க இடர்கள், மறுத்தால் நேரக்கூடிய விளைவு ஆகியவற்றை நோயாளி அறிந்திருக்க வேண்டும் என்றது. மாற்று வழிகள் என்ற சொல் இங்கே முதன்மையானது. சிறு கட்டியுள்ளவரிடம் அறுவைக்கு ஒப்புதல் வாங்குபவர் அப்லேஷனைச் சொல்லியிருக்க வேண்டும். அப்லேஷனுக்கு வாங்குபவர் அறுவையைச் சொல்லியிருக்க வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் வரைந்த நோயாளர் உரிமைச் சாசனம், நோயாளி அறிந்த மொழியில், அவருக்கு விளங்கும் அளவில் விளக்கப்பட வேண்டும் என்கிறது. பீகாரிலிருந்து மும்பைக்கும் வங்காளத்திலிருந்து வேலூருக்கும் நோயாளிகள் சென்றுகொண்டிருக்கும் நாட்டில், இந்தத் தேவை மருத்துவத்தின் ஓரத்தில் ஒட்டிய அலங்காரமன்று, சிகிச்சையின் முதற்படி. அச்சிட்ட ஆங்கிலப் படிவத்தின் அடியில் வாங்கும் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ சட்டத்தின் எழுத்தை நிறைவேற்றலாம். நோயாளி எதற்கு ஒப்பினார் என்று கேட்டால் அந்தத் தாளால் பதில் சொல்ல இயலாது.

இங்கே கல்வியுலகமும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961 முதல் இருக்கிறது. மைசூரின் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் 2008 முதல் இயங்குகிறது. 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேச அரசு எம்.பி.பி.எஸ். பாடநூல்களை இந்தியில் வெளியிட்டது. அவற்றின் பல பக்கங்களில் ஆங்கிலக் கலைச்சொற்களே தேவநாகரியில் நின்றன. இம்முயற்சிகள் பெரும்பாலும் ஒரே திசையை நோக்கியவை: கற்பிப்பவரிடமிருந்து கற்பவருக்கு. மருத்துவரிடமிருந்து நோயாளிக்குச் செல்லும் மொழி, அதாவது ஒப்புதல் படிவம், ஸ்கேன் அறிக்கையின் சுருக்கம், வீடு திரும்புவோர்க்கான குறிப்பு ஆகியவை எந்த ஆணையத்திற்கும் முதன்மைப் பொருளாகவில்லை. மொழியியல் துறைகளில் நோயாளி–மருத்துவர் உரையாடல் குறித்து ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. உரையாடல் பகுப்பாய்வின் கோட்பாடுகள் அவற்றில் அழகாக மேற்கோள் காட்டப்படுகின்றன. அவற்றுள் எத்தனை ஆய்வேடுகள் ஒரு மருத்துவமனையின் ஒரு படிவத்தையேனும் மாற்றின என்று துறைகள் தம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

செய்யக்கூடியவை தெளிவாகவே இருக்கின்றன. அப்லேஷனை விளம்பரம் செய்யும் எந்த மருத்துவமனையும், எந்த உறுப்பில் எந்த அளவுவரை என்ற வரம்பை அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும் என்று விதி வர வேண்டும். ஊசியா கத்தியா என்ற முடிவு, இரண்டையும் செய்யத் தெரிந்தவர்கள் சேர்ந்து அமரும் குழுவில் எடுக்கப்பட வேண்டும். ஒரு கருவியை மட்டும் வைத்திருப்பவரிடம் அதை விடக் கூடாது. ஒப்புதல் படிவமும் ஸ்கேன் அறிக்கையின் ஒரு பத்திச் சுருக்கமும் நோயாளியின் மொழியில் தரப்பட வேண்டும். மருத்துவக் கல்லூரியும் மொழித் துறையும் ஒரே பல்கலைக்கழக நகரில் இருக்கும் இடங்களில் இதற்குப் புதிய நிதியும் வேண்டியதில்லை. ஊசிகள் கூட்டாகக் கொள்முதலாக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, சிரோசிஸ் உள்ளவர்களின் பட்டியலை வைத்திருக்கும் அரசு, ஆறு மாதத்திற்கு ஒருமுறை அவர்களை அழைக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னது நடக்காவிட்டால் மற்றவை நடந்தும் பயன் சிறிதே. 2 செ.மீ. கட்டி 4 செ.மீ. ஆகும்போது அதன் பருமன் எட்டு மடங்காகிறது, ஊசியின் வாய்ப்பும் அதனோடு மூடத் தொடங்குகிறது. அந்த இடைவெளி சிலருக்குச் சில மாதங்களே. அதற்குள் அரசு மருத்துவமனையின் ஸ்கேன் அறையிலிருந்து அவருக்கு ஓர் அழைப்பு போக வேண்டும், அவர் அறிந்த மொழியில்.